மரச்சீனியும் மண்ணும்: நம் எல்லைப்புறத்தின் இரு குழந்தை நோய்கள் பற்றிய ஆய்வு வரலாறு

2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் உலக மாநாட்டில் ஒரு நோய்க்குப் புதிய எண் கிடைத்தது. இளமையில் போதிய ஊட்டமின்றி வளர்ந்து, மெலிந்த உடலோடு இருப்பவர்களுக்கு வரும் நீரிழிவை இனி 'வகை 5' என வழங்கலாம் என்று அங்கே அறிவித்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதன்மையான ஆதாரங்களுள் ஒன்று. இத்தகைய நோயாளிகளிடம் இன்சுலின் சுரப்பிலேயே குறை இருக்கிறது. சுரந்த இன்சுலினுக்கு உடல் இணங்காமல் போவது இவர்களின் சிக்கல் அன்று என்பதை அவ்வாய்வு அளந்து காட்டியது. செய்தித்தாள்கள் இதைப் புதிய கண்டுபிடிப்பாகவே எழுதின.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழைய பெயரின் மறுவருகை. 1985இல் உலக நலவாழ்வு நிறுவனம் நீரிழிவை வகைப்படுத்தியபோது 'ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு' என்று தனி வகுப்பே வைத்திருந்தது. அதற்கு இரு கிளைகள். ஒன்று புரதக்குறையால் வருவது. மற்றொன்று கணையத்தில் கல் தோன்றி, கணையம் நாராகிச் சுருங்குவதால் வருவது. 1999இல் அந்த வகுப்பு நீக்கப்பட்டது. கணையக்கல் நீரிழிவு வேறொரு தலைப்பின் கீழ் ஒதுங்கிற்று. இப்போது 26 ஆண்டுகளுக்குப் பின் முதற்கிளை மட்டும் எண்ணோடு திரும்பி வந்திருக்கிறது. இரண்டாம் கிளையின் மருத்துவச் சித்திரம் பெரும்பாலும் கேரள மருத்துவமனைகளில் எழுதப்பட்டது. அதை எழுத உதவியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த ஏழைப் பிள்ளைகள்.

இந்தப் பதிவு அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு கூட்டம் உண்டு: இதயத்தின் உட்சுவர் நாராகி இறுகிப்போன பிள்ளைகள். இரு நோய்களும் ஒரே காலத்தில், ஒரே வகைக் குடும்பங்களில், ஒரே நிலப்பரப்பில் மிகுந்து காணப்பட்டன. இரண்டுக்கும் ஒரே பொருள் மீது பழி விழுந்தது. அப்பொருள் நம் வீடுகளின் அன்றாட உணவான மரச்சீனிக் கிழங்கு.

ஆரியங்கோடு, ஒற்றசேகரமங்கலம், பெருங்கடவிளை, வெள்ளறடை என விரியும் பழைய நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு மேட்டுநிலத்தை அறிந்தவர்களுக்கு மரச்சீனியின் இடத்தை விளக்க வேண்டியதில்லை. வயல் தாழ்விலும் விளை மேட்டிலுமாக அமைந்த நிலம் இது. நெல் சிலருக்கு, விளையில் நட்ட மரச்சீனி எல்லோருக்கும். இன்று ரப்பர் நிற்கும் சரிவுகள் பலவற்றில் அன்று மரச்சீனிக் கம்புகள் நின்றன. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்தபோதும் கோட்டின் இருபுறமும் அடுப்பில் வெந்தது ஒரே கிழங்குதான்.

தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே கடல்கடந்து வந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னருக்குப் பெரும்பங்கு உண்டு. பஞ்சத்துக்கு மாற்றாக அவர் அதை ஊக்குவித்தார். ஆனால் கிழங்கை முழு உணவாக்கியது அரசாணையன்று; 1942ஆம் ஆண்டுதான். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. தன் தேவைக்குரிய நெல்லைத் தானே விளைவிக்காத நாடு அது. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமியும் அவருடன் உழைத்த மருத்துவர்களும் 1943-44இன் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் கள ஆய்வு செய்து 1945இல் நூலாக வெளியிட்டனர். வங்கப் பஞ்சத்தைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் உண்டு; அதே ஆண்டுகளின் திருவிதாங்கூர்ப் பட்டினியைப் பற்றிய இந்நூலை நம் பக்கத்து வரலாற்று மாணவர்களே பெரும்பாலும் புரட்டுவதில்லை. பின்னால் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள் இப்பஞ்சத்திலிருந்து மீண்ட வீடுகளின் பிள்ளைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மரச்சீனி மீதான முதல் வழக்கு குழந்தைகளைப் பற்றியது அன்று. எனினும் பின்வந்த இரு வழக்குகளுக்கும் முன்மாதிரி அதுவே. 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்த ஹோவர்ட் சோமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், நெய்யூர் இலண்டன் மிஷன் மருத்துவமனையில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, ஏறத்தாழ 28,000 அடி உயரம் தொட்டுத் திரும்பியவர். நெய்யூரில் அவர் முன் வந்து நின்ற நோய்களுள் முதன்மையானது முன்சிறுகுடற்புண். தம் உடன்பணியாளர் ஓர் என்பவருடன் சேர்ந்து, 2,500 அறுவைகளின் பட்டறிவைக் கொண்டு 1936இல் அவர் எழுதிய கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. ஏன் இந்தப் பகுதியில் இத்தனை குடற்புண் என்ற கேள்விக்கு அவர்கள் உணவின் பக்கம் கைகாட்டினர்.

அதற்குச் சற்று முன்பே குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாபியரின் கோதுமை ரொட்டியும் பாலும் உண்ட எலிகள் செழித்தன. திருவிதாங்கூர் ஏழையின் மரச்சீனி உணவை உண்ட எலிகளின் இரைப்பையில் புண் கண்டது. நெய்யூரின் அறுவை மேசையையும் குன்னூரின் எலிக்கூண்டையும் இணைத்து மரச்சீனியின் பெயர் மருத்துவ இலக்கியத்தில் குற்றவாளியாக ஏறியது இவ்வாறுதான். இன்று குடற்புண்ணுக்குப் பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் என்று அறிவோம். அது தெரியவர 1980களாயிற்று. மெக்காரிசன் எலிகளுக்குக் கொடுத்தது கிழங்கை மட்டுமன்று, ஓர் ஏழையின் முழுத்தட்டை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அத்தட்டில் இல்லாதவை எவை என்ற கேள்வி, இருந்தது எது என்ற கேள்வியைவிடக் கனமானது. ஆயினும் கட்டுரைத் தலைப்புகளில் ஏறுவது இருக்கும் பொருளே.

இரண்டாம் வழக்கு கணையத்தைப் பற்றியது. 1950களில் இந்தோனேசியாவில் சைடெமா என்னும் மருத்துவர் ஊட்டக்குறையுற்ற ஏழைகளிடம் கணையக்கல்லும் நீரிழிவும் சேர்ந்து வருவதைப் பதிவு செய்தார். அவர் கண்டோரின் உணவிலும் மரச்சீனி முதன்மையாக இருந்தது. அவர் சில பத்துப் பேரிடம் கண்டதைக் கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கானோரிடம் கண்டார். 1968இல் அவர் வெளியிட்ட கணைய நீரிழிவு பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. நோயின் போக்கை மூன்று பருவங்களாக அவர் சுருக்கியது மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் சூத்திரமாகவே ஆயிற்று: சிறுவயதில் வயிற்றுவலி, பருவமெய்தும் காலத்தில் நீரிழிவு, வாழவேண்டிய வயதில் இறப்பு.

நோய் வளரும் விதம் இது. கணையத்தின் குழாய்களில் சுண்ணக்கற்கள் அடைகின்றன. குழாய் அடைபடும்போது மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கும் வலி. பிள்ளை முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வலி சற்றுத் தணியும். செரிமானச் சாறு குடலுக்கு எட்டாததால் கொழுப்புச் செரிக்காது மலம் எண்ணெய்ப் பசையோடு வெளியேறும். உண்டது உடம்பில் ஒட்டாது. சில ஆண்டுகளில் வலி தானே ஓய்ந்துவிடுவதும் உண்டு. வீட்டார் நோய் நீங்கிற்று என்று மகிழ்வர். உண்மையில் வலிக்கத் தக்க கணையமே மிஞ்சியிருக்காது. அதன்பின் சர்க்கரை. இன்சுலின் மிகக் குறைந்தும் இப்பிள்ளைகள் மற்ற இளம் நீரிழிவாளரைப் போல எளிதில் கீட்டோன் மிகுந்து மயங்கி விழுவதில்லை என்பது மருத்துவர்களை நெடுங்காலம் வியப்பில் ஆழ்த்திய செய்தி. பூச்சி வலி, சூட்டு வலி என்று கைமருந்தில் கழிந்த ஆண்டுகளுக்குப் பின் எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பின் இருபுறமும் வெள்ளைப் புள்ளிகளாகக் கற்கள் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மரச்சீனியில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. அது சிதையும்போது சயனைடு வெளிப்படும். அச்சயனைடை நஞ்சற்றதாக மாற்ற உடலுக்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. அவை மீன், முட்டை, இறைச்சி போன்ற புரதங்களில் கிடைப்பவை. புரதமற்ற தட்டில் கிழங்கு மட்டும் இருந்தால் சயனைடு கணையத்தைத் தாக்கக்கூடும் என்று மெக்மில்லனும் கீவர்கீஸும் 1979இல் எழுதினர். கேட்பதற்கு ஒழுங்கான விளக்கம். நோய் மிகுந்த நிலமும் கிழங்கு மிகுந்த நிலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் நம்பவும் எளிது.

சயனைடு உண்மையாகவே பிள்ளைகளை முடக்கிய இடம் ஒன்று உண்டு. 1981இல் மொசாம்பிக்கின் வடபகுதியில் கடும் வறட்சி. கசப்பு மரச்சீனியை வழக்கம்போலப் பதப்படுத்தப் பொழுதின்றி மக்கள் உண்டனர். உடன் உண்ணப் பருப்போ மீனோ இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இரு கால்களும் திடீரென விறைத்து முடங்கின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 'கொன்சோ' எனப்படும் அந்நோயை ஆராய்ந்தோருள் ஹான்ஸ் ரோஸ்லிங் ஒருவர். உலக நலவாழ்வுப் புள்ளிவிவரங்களைத் திரையில் ஓடவிட்டுப் பின்னாளில் புகழ்பெற்ற அதே ரோஸ்லிங்தான். அங்கே கிழங்கின் குற்றம் சிறுநீரில் அளந்து காட்டப்பட்டது.

நம் வீடுகளில் கிழங்கைத் தோலுரித்து, கொத்தி, நிறைய நீரில் கொதிக்கவிட்டு, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டே மயக்குவர். சயனைடின் பெரும்பகுதி அவ்வடிநீரோடு போய்விடும். வசதிப்பட்ட நாளில் தொட்டுக்கொள்ளச் சாளையோ நெத்திலியோ இருக்கும். வேதியியல் படிக்காத நம் பாட்டிமார் வடித்த நீரின் கணக்கைச் சயனைடுக் கொள்கை எழுதியோர் போதிய அளவு எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. 1994இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் நரேந்திரநாதன், செறியான் ஆகியோர் நோயாளிகளையும் நோயற்றோரையும் ஒப்பிட்டு, மரச்சீனி உண்பதற்கும் கணையக்கல்லுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று வெளியிட்டனர். கிழங்கின் நிலத்திலேயே, அந்நிலத்து மருத்துவர்கள் செய்த ஆய்வு அது. மரச்சீனி வாடையே இல்லாத வட இந்தியப் பகுதிகளிலும் அதே நோய் காணப்படுவதும் வழக்கைத் தளர்த்தியது. 2002இல் ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் 'ஸ்பிங்க்1' என்னும் மரபணுவின் மாற்றம் இந்நோயாளிகளிடம் மிகுந்து காணப்படுவதைக் காட்டினர். கணையத்தின் செரிமான நொதி கணையத்தையே அரித்துவிடாமல் தடுக்கும் காவற்பொருளை ஆக்கும் மரபணு அது. காவல் தளர்ந்த பிறவியோடு வேறு ஏதோ சேரும்போதே நோய் வருகிறது என்பதே இன்றைய பொதுக்கருத்து. அந்த 'வேறு ஏதோ' என்ற இடத்தில் ஊட்டக்குறை இன்றும் நிற்கிறது. கிழங்கு ஏறக்குறைய விடுதலை பெற்றுவிட்டது.

இனி இதயம். இவ்வழக்கில் கிழங்கோடு மண்ணும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

1940களின் இறுதியில் உகாண்டாவின் கம்பாலாவில் பணியாற்றிய நோய்க்கூற்றியலாளர் ஜே.என்.பி. டேவிஸ், இறந்தோரின் இதயங்களை அறுத்துப் பார்க்கையில் உட்சுவர் வெண்மையாகத் தடித்து, தோல்போல இறுகியிருக்கக் கண்டார். எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்று அதற்குப் பெயர். இங்கே இதய நார்நோய் என்றே குறிக்கிறேன். இதய அறை விரிய முடியாது. குருதி உள்ளே நுழைய இடமில்லாமல் பின்னோக்கித் தேங்கும். வலப்புறம் தாக்கப்பட்ட பிள்ளையின் தோற்றம் கண்டவர் மறக்க முடியாதது: நீர் கோத்துப் பானைபோல் பருத்த வயிறு, அதற்குப் பொருந்தாத மெலிந்த கால்கள், புடைத்த கழுத்து நரம்பு, வயதுக்கு ஒவ்வாத சிற்றுடல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எட்டு வயதுபோல் நிற்கும். வெளிப்பார்வைக்கு ஈரல் நோய் என்றே தோன்றும். மகோதரம் என்று பெயர் சூட்டி அதற்கான மருந்தே கொடுக்கப்படும்.

1959இல் நாகரத்தினம், திசாநாயக்க என்னும் இரு மருத்துவர்கள் இந்நோயை இலங்கையில் கண்டு பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினர். 1960இல் தென்னிந்திய நோயாளிகள் பற்றிய அறிக்கை வந்தது. 1977இல் ஜி. விஜயராகவனும் வேலூர் மருத்துவர்களும் இடப்பக்க இதயத்தைத் தாக்கும் வடிவத்தை விரித்துரைத்தனர். உகாண்டா, நைஜீரியா, பிரேசில், கேரளம், இலங்கை என நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள ஈரநிலங்களைத் தொடுத்தது நோயின் வரைபடம். உகாண்டாவிலும் அது எல்லோரையும் சமமாகத் தொடவில்லை. ருவாண்டா, புருண்டியிலிருந்து கூலிக்கு வந்து குடியேறிய ஏழைகளிடமே மிகுந்திருந்தது என்பதை 1960களின் ஆய்வுகள் காட்டின.

திருவனந்தபுரத்தில் 1976இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு இப்பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அரச குடும்பம் அளித்த கட்டடத்தில் தொடங்கி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய நிறுவனமானது அது. அதைக் கட்டியெழுப்பிய எம்.எஸ். வலியத்தான் மாவேலிக்கரைக்காரர், 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் அணி மாணவர். இந்தியாவில் செய்யப்பட்ட சித்திரா இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டதையே அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இதய நார்நோயில் அவர் உழைத்த ஆண்டுகள் அந்தப் புகழின் நிழலில் மறைந்துவிட்டன. என் மதிப்பீட்டில் அவர் கேட்ட கேள்விகளுள் ஆழமானது அங்கேதான் இருக்கிறது.

1971இல் பாரிசில் சார்லஸ் துபோஸ்ட் இந்நோய்க்கு அறுவை செய்துகாட்டினார். இறுகிய உட்தோலை உரித்தெடுத்து, கெட்ட வால்வை மாற்றும் கடினமான அறுவை. திருவனந்தபுரத்தில் வலியத்தான் அதைக் கையாண்டார். பிழைத்தவர்கள் உண்டு, மேசையிலேயே போனவர்களும் உண்டு. இத்தனை இளம் இதயங்களை உரித்துக்கொண்டே இருப்பதற்கு முடிவு ஏது, இவை ஏன் இந்த நிலத்தில் இறுகுகின்றன என்னும் கேள்வியோடு, நோய்க்கூற்றியலாளர் சி.சி. கர்த்தாவுடன் சேர்ந்து அவர் மண்ணை நோக்கினார்.

1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணலைக் கண்டறிந்தது நம்மவர் அறிந்த கதை. ஐரோப்பாவின் காஸ் விளக்கு வலைக்குத் தோரியம் தேடி வந்தவர்கள் அள்ளிச் சென்ற மணல் அது. மணவாளக்குறிச்சி முதல் கொல்லத்தை அடுத்த சவறை வரை கரையோரமெங்கும் அது சிதறிக் கிடக்கிறது. மோனசைட்டில் தோரியம் மட்டுமன்றி சீரியம் போன்ற அருமண் தனிமங்களும் உண்டு. நோயாளிகளின் இதயத் திசுவைப் பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்களின் துணையோடு பகுத்தபோது சீரியம் மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் இருப்பது தெரியவந்தது. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த கட்டுரைகளில் அவர்களின் கருதுகோள் உருப்பெற்றது: மண்ணிலுள்ள சீரியம் கிழங்கின் வழியே உடலுக்குள் செல்கிறது, ஊட்டக்குறையாலும் வயிற்றுப்போக்காலும் மக்னீசியம் இழந்த பிள்ளையின் இதயத்தில் அது தங்கி, நார் வளர்வதைத் தூண்டுகிறது. எலிகளுக்கு மக்னீசியம் குறைத்துச் சீரியம் கலந்த உணவு கொடுத்தும், இதயத்தின் நார்த்திசு உயிரணுக்களைச் சோதனைக்குழாயில் வளர்த்தும் இதைச் சோதித்தனர். 1993இல் உகாண்டா அனுபவம் கொண்ட சோமர்ஸுடன் சேர்ந்து இந்நோய் பற்றிய விரிவான நூலொன்றையும் தொகுத்தனர். 1996இல் தென் கேரள நோயாளிகளின் ஊர்களை வரைபடத்தில் இட்டு ஓர் ஆய்வு வந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் கடமைக்கு எழுதப்படும் முகவரி என்னும் கட்டம் அங்கே முதன்மைச் சான்றாயிற்று.

மோனசைட் மண் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்ற அச்சம் அதற்கு முன்பே இருந்தது. 1976இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை, இக்கரையோரத்தில் டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தைகள் மிகுதி என்றது. அது கடும் விவாதத்துக்குள்ளானது. 1995 முதல் அப்பகுதி மருத்துவமனைகளில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்த நெடிய ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் பிறவிக்குறை கூடுதலாக இருப்பதற்குச் சான்றில்லை என்று காட்டியது. ஒரு சிறு கணக்கெடுப்பு எழுப்பிய அச்சத்தைத் தணிக்க எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இதய நார்நோய்க்கு இத்தகைய நெடிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. நடத்துவதற்குள் நோயே போய்விட்டது. 1980களின் இறுதியிலிருந்து கேரள மருத்துவமனைகளில் புதிய நோயாளிகள் குறைந்தனர். வந்தவர்கள் வயது முதிர்ந்து வந்தனர், பிள்ளைகள் அரிதாயினர். 2012இல் விஜயராகவனும் சிவசங்கரனும் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே இதை மறைந்துவரும் நோய் என்று அறிவித்தது. கணையக்கல் நோயின் சித்திரமும் அதே காலத்தில் மாறிற்று. எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளின் இடத்தில், நடுவயதில், இயல்பான எடையோடு, மெல்லிய வலியோடு வருவோர் பெருகினர்.

இந்த மறைவே நம்மிடமுள்ள மிகப்பெரிய சான்று என்பது என் துணிபு. மணவாளக்குறிச்சி மணல் இன்றும் அங்கேயே இருக்கிறது. அதே சீரியம், அதே தோரியம். மரச்சீனி இன்றும் நம் சந்தைகளில் குவிகிறது. மரபணு இரு தலைமுறைக்குள் மாறாது. மண்ணும் கிழங்கும் மரபும் இருந்த இடத்திலேயே இருக்க, நோய் மட்டும் விலகியதென்றால் மாறியது எது? 1960களில் பள்ளிக்கூடத்தில் 'கேர்' கோதுமை உப்புமாவும் பால்பொடியும் வந்தன. ரேஷன் அரிசி வந்தது. 1970இல் நிலச்சீர்திருத்தம் குடிகிடப்பு உரிமை தந்தது. வளைகுடாப் பணம் வந்தது. எல்லைக்கு அப்பால் 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, இப்பால் 1984இல் பள்ளி மதிய உணவு. கழிப்பறை வந்தது, காலில் செருப்பு வந்தது, கொக்கிப்புழு குறைந்தது. புழுக்களால் குருதியில் பெருகும் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்களே இதயத்தைப் புண்ணாக்கின என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. அவர்கள் கருத்துக்கும் இம்மறைவு பொருந்துகிறது.

நேர்மையாகச் சொன்னால் வலியத்தானின் கருதுகோளுக்கும் அது பொருந்துகிறது. மண் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. மக்னீசியம் இழந்த பிள்ளையும் வேண்டும் என்றார். பிள்ளை தேறியதும் மண் தோற்றது என்று அவர் பக்கத்தார் சொல்லலாம். நாட்டுக் குரங்குகளுக்கு மரச்சீனி கொடுத்து இதய மாற்றங்களைக் கண்ட திருவனந்தபுர ஆய்வாளர்களும் இவ்வாறே வாதிடலாம். அக்குரங்குகளுக்குக் கிட்டாததும் புரதமே. எல்லாக் கொள்கைக்கும் பொருந்துகிற ஒரு சான்று எந்தக் கொள்கையையும் நிறுவுவதில்லை. ஆகவே சீரியமா, சயனைடா, புழுவா என்ற வழக்கு தீர்ப்பின்றியே மூடப்பட்டது. எக்கொள்கையை எடுத்தாலும் அதன் நடுவில் பசித்த பிள்ளை இருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பசியை அளக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் முதன்மைக் கருவியாக இருக்கவில்லை. சீரியத்தை அளப்பதற்கு அணு ஆராய்ச்சி மையம் வரை சென்றோம். அந்தப் பிள்ளை முந்தின ஆண்டு எத்தனை நாள் மீன் உண்டது, எத்தனை நாள் கிழங்கு மட்டும் உண்டது என்பதைத் தாயிடம் உட்கார்ந்து கேட்டுப் பல்லாண்டு தொடர்ந்து எழுதிய பதிவு இதய நார்நோயில் என் கண்ணுக்குப் படவில்லை.

இது பழங்கதையாயிருந்தால் இத்தனை நீளம் எழுதியிருக்க மாட்டேன். 2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அனா ஓல்கா மொகும்பி குழுவினர் மொசாம்பிக்கின் இன்யாரிமே என்னும் கடலோர ஊர்ப்புறத்தில் 1,063 பேரை எதிரொலிக் கருவியால் பரிசோதித்த முடிவை வெளியிட்டனர். 211 பேருக்கு இதய நார்நோய், ஐவரில் ஒருவர். 10 முதல் 19 வயதுக்குள் நூற்றுக்கு 28 பேர். பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. நம்மிடம் மறைந்தது அங்கே பள்ளிப்பிள்ளைகளின் மார்பில் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு விடை இருந்திருக்க வேண்டும். உலகிலேயே இந்நோய் ஒரு தலைமுறைக்குள் பின்வாங்கிய தெளிவான நிலம் நம்முடையது. அது எப்படி நேர்ந்தது என்று கேட்டால், எல்லாமே சற்று மேம்பட்டது என்பதற்குமேல் நம்மால் கூற இயலவில்லை. நோய் பரவும்போது நிதி வரும். நோய் விலகும்போது அதை ஆராய யாரும் நிதி தருவதில்லை. வகை 5 என்ற எண் பெற்றுத் திரும்பிய நீரிழிவைப் பற்றி இப்போது நடக்கும் சர்ச்சையிலும், இளமையின் பட்டினியை எப்படிப் பின்னோக்கி அளப்பது என்பதே தடுமாறும் இடமாக இருக்கிறது.

வலியத்தான் 2024 ஜூலையில் மணிப்பாலில் காலமானார். இரங்கற்குறிப்புகள் வால்வைப் பேசின. ஆயுர்வேத நூல்கள் பற்றிய அவருடைய பிற்கால எழுத்தைப் பேசின. இதய நார்நோயைச் சொன்னவை மிகச் சில.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1950 முதல் 1985 வரை ஆரியங்கோடு, வெள்ளறடை, பாறசாலை, குன்னத்துகால், களியக்காவிளை, மேற்குப் பக்கம் பூவாறு, பொழியூர் வரையிலான ஊர்களில் பிள்ளைகளுக்கு என்ன சமைத்தார்கள் என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடிய முதியோர் இன்னும் இருக்கிறார்கள், ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டிருக்கிறார்கள். ஆடி, கர்க்கடகப் பஞ்சமாதங்களில் அடுப்பில் என்ன இருந்தது, கிழங்கை எத்தனை நீரில் வேகவைத்து வடித்தார்கள், கசப்புக் கிழங்கை எப்படி இனங்கண்டார்கள், வாரத்தில் எத்தனை நாள் மீன் கண்டார்கள், பால் யாருக்குக் கொடுக்கப்பட்டது, பெண்பிள்ளையின் தட்டுக்கும் ஆண்பிள்ளையின் தட்டுக்கும் என்ன வேறுபாடு என்பவற்றை அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். 'வயிறு வீங்கி' இறந்த, 'வலிவந்து மெலிந்து' இறந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஆண்டும் வயதும் போதும், பெயர் வேண்டா. பழைய மருத்துவமனைச் சீட்டுகளை எரித்துவிடாதீர்கள். மலையாளத்தில் எழுதினாலும் ஏற்பேன். இருமொழியும் கலந்த நம் எல்லைப் பேச்சில் எழுதினால் இன்னும் நல்லது.